காலில் கட்டிய கயிறு

நம்பாதவர்கள் என் வலது கணுக்காலைப் பார்க்கலாம். வடு இன்னும் இருக்கிறது. சாமி சத்தியமாக நடந்தது.

1942, சித்திரை. தூத்துக்குடியில் குண்டு விழும் என்று ஊரெல்லாம் பேச்சு. பொழுது சாய்ந்தால் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. எனக்கு நாற்பத்தாறு வயது. தாலி அறுத்து, பிழைக்க வழியில்லாமல் உடன்குடியிலிருந்து வந்தவள். ஹில்டா அம்மா வீட்டில், வாதத்தில் வாயும் காலும் விழுந்து கிடந்த அவர் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ‘ஆயா’ என்பார்கள், வேலை சொல்வார்கள், அவ்வளவுதான். பேச ஒரு நாதி கிடையாது. அடுப்போடுகூடப் பேசியிருக்கிறேன், போங்கள்!

கிழவியால் கூப்பிட முடியாது. அதனால் ஒரு கயிறு. ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் காலில். ஒரு இழுப்பு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று கிடையாது.

அன்று சாயங்காலம் எல்லோரும் செபமாலைக்கு மாதா கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் அடுப்படியில் இருந்தேன்.

மணி ஏழு பத்து.

வெடுக்... வெடுக்... வெடுக்.

மூன்று.

ஓடினேன். கிழவி அசையாமல் கிடந்தார். கையில் கயிறு இல்லை! உடம்பு துடைக்க அவிழ்த்தவள், பாவி, திரும்பக் கட்ட மறந்திருக்கிறேன்.

அப்படியென்றால் இழுத்தது யார்?

கிழவியின் கண் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தது.

திரும்பினேன். என் காலிலிருந்து கயிறு விறைப்பாக, அடுப்படிக்கு அப்பாலிருந்த விறகறைக்குள் போயிருந்தது.

உள்ளே இருமல்...

“ஏளா... எம் பேரு சீனித்தாய்... ஊர்ல சொல்லிரு...”

இழுத்தது. விழுந்தேன். முடிச்சு அவிழவில்லை.

அடுப்படி வாசல்வரை இழுத்தது...

கைக்கு அரிவாள்மணை அகப்பட்டது. அறுத்தேன்.

சர்ர்ர்...

மணி ஏழு பதினெட்டு.

எல்லோரும் வந்து விளக்கோடு தேடினார்கள். வெறும் விறகு. அறுந்த கயிறுகூட இல்லை.

மறுநாள் காலையில் தண்ணீர் சுமந்து வந்த வடிவம்மாளிடம் சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

“ஒனக்கு முன்னால ஒருத்தி இருந்தா, ஏளா. காய்ச்சல்னு அவள அந்த வெறகறையிலதான் போட்டு வச்சாவ. அங்கனயே போயிட்டா. ஊருக்கு ஆள் விடணும்னா பேரு வேணும்லா? வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. ஆயான்னே பொதச்சிட்டாவ.”

இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது மாதம். என் பேரை யார் கேட்டார்கள்?

நேரே ஹில்டா அம்மாவிடம் போய் நின்றேன்.

“அம்மா, எம் பேரு இசக்கியம்மாள்.”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சரி ஆயா. வேற கயிறு வாங்கிக் கட்டு.”