சங்குச் சத்தம் கேட்கிற வீடு

வீட்டுத் தரகர் வேலை என்பது ஊரார் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் வீட்டுச் சோற்றை ஆறவிடுகிற வேலை. கும்மிடிப்பூண்டியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவரா நீங்கள்? அப்படியானால் என் பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரே நிபந்தனை

ஸ்டெல்லா, ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள். அவள் அப்பா தேவராஜ், இரும்பு ஆலையில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மறதி நோய். ஓய்வு பெற்றதையே மறந்துவிட்டார். கவரைப்பேட்டை வீட்டில், பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டுச் சங்கு ஊதினால் போதும், சாப்பாட்டுப் பையோடு கிளம்பிவிடுவார். ஒருநாள் நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். முதியோர் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்தாளாம். பகலிலேயே கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள், மனசு ஒப்பவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"சங்கு சத்தமே கேக்காத ஊடா பாருங்கக்கா. நைனா உசுரோட இருந்தா போதும்."

மறைக்காமல் சொன்னேன்

நோயைச் சொன்னால் சாவி வராது. மறைத்தால் நாளைக்கு என் முகத்தில் யார் விழிப்பார்கள்? சொல்லித்தான் கேட்டேன். நாலு வீட்டுக்காரர்கள் கைவிரித்தார்கள். ஆரம்பாக்கத்தில் வயலோரமாக வீடு வைத்திருந்த மளிகைக்கடை பாய் மட்டும் கல்லாப்பெட்டியைத் திறந்து சாவியை எடுத்தார்.

"எங்க அத்தாவும் கடைசில என்னையே யாருன்னு கேட்டாரு. சாவிய எடுத்துக்கம்மா."

அமைதியான இடம்

ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஸ்டெல்லா போனில் அழுதாள். போய்ப் பார்த்தேன். சங்கு இல்லாமல் தேவராஜுக்குப் பொழுதே பிடிபடவில்லை. எப்போது சாப்பிடுவது, எப்போது படுப்பது என்று தெரியாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"இன்னாமா, கம்பெனில ஸ்ட்ரைக்கா?" என்று என்னைக் கேட்டார்.

யாருக்கும் வேண்டாத வீடு

ரொம்ப நாளாக என் கையிலிருந்து நகராத வீடு ஒன்று உண்டு. அவர் வேலை பார்த்த ஆலையின் பின்பக்க கேட்டுக்கு எதிரே. சங்கு ஊதினால் அலமாரித் தட்டெல்லாம் அதிரும். ஊதுகிற நேரத்தில் அதை யாருக்கும் காட்டமாட்டேன். ஆனால் வண்டி நுழையாத சந்து. சந்து முடிகிற இடம் அந்த கேட்தான். கீழே இட்லிக்கடை அம்மா பகலில் ஒரு கண் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். தயங்கித் தயங்கித்தான் ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"ஊடு நைனாவுக்குத்தானேக்கா. நம்ம காதுக்கா பாக்கறோம்?"

காலை ஷிப்டு

இப்போது காலைச் சங்குக்கு அவர் பையோடு போகிறார். நாங்கள் சொல்லிவைத்தபடி வாட்ச்மேன் அவரை கேட்டருகே பெஞ்சில் உட்காரவைக்கிறார். மதியச் சங்கு ஊதியதும் ஷிப்டு முடிந்தது. வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குகிறார். நோய் போகவில்லை. மகள் பெயர் சில நாள் வருவதில்லை. ஆனால் முகத்தில் பழைய களை வந்திருக்கிறது. பார்க்க எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. போன வாரம் என் இடுப்புச் சாவிக்கொத்தைப் பார்த்தவர், நானும் ஏதோ டூட்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டார்.

"சங்கு ஊதிட்டான் இல்ல, இன்னும் இன்னா நின்னுக்கினு இருக்க? ஊட்டுக்குப் போய் சோறு துன்னும்மா."

சங்கு ஊதாத நேரமாகப் பார்த்துக் காட்டியும் தள்ள முடியாத வீட்டை, சங்குக்காகவே ஒருவர் எடுத்துக்கொண்டார். என் தரகு சாமர்த்தியம் அவ்வளவுதான்.