நான் ஆயாவாக இருந்த வார்டு

ராயபுரத்தில் துறைமுகச் சுவரைப் பார்த்தாற்போல் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. பிற்பாடு அதை இடித்துவிட்டுக் கிடங்கு கட்டிவிட்டார்கள். நல்லதுதான், மூட்டைக்குத் தாகம் எடுக்காது.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் நீராவிக் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் குழாய் வெடித்து, இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன. கூட வேலை செய்தவர்கள் தூக்கிவந்து அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

டாக்டர் நல்ல மனிதர். "கட்டு நனையக் கூடாது, கை எங்கேயும் இடிபடக் கூடாது. அப்படிப் பார்த்துக்கொண்டால் மறுபடியும் கிரேன் ஓட்டுவார்" என்றார். யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் சொல்லவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆண்கள் வார்டுக்கும் எதிரே இருந்த பெண்கள் வார்டுக்கும் சேர்த்து ஒரே நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். மாற்றுக்கு வரவேண்டியவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஆள் போடாததால் பகலும் இவளே, இரவும் இவளே. ஆயா என்று ஒருத்தி உண்டு. அவளையும் பாதி நாள் ஆஸ்பத்திரிக் கமிட்டிக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரம் தேய்க்கக் கூட்டிப்போய்விடுவார்கள்.

ஆகவே வார்டை நடத்தியது நாங்கள்தான், நோயாளிகளின் பெண்டாட்டிகளும் மகள்களும். கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, மலச்சட்டி எடுத்தோம், தரை துடைத்தோம், நாதியற்ற கிழவர்களுக்குக் கஞ்சி ஊட்டினோம். என் வீட்டுக்காரர் மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட நான்தான் ஓட்ட வேண்டும். இரண்டு கையும் தலையணை மேல் கிடக்க, தண்ணீர் வேண்டுமென்றால் என்னைப் பார்ப்பார். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம் அவருக்கு.

ஆஸ்பத்திரியை நடத்திய கமிட்டியிலிருந்து அவ்வப்போது ஒரு பெரியவர் வந்து சுற்றிப் பார்ப்பார். போன தடவை தரையில் வாந்தி கிடந்ததற்காக நர்ஸை எல்லார் எதிரிலும் நிற்கவைத்து ஏசினார். மறுபடி அவர் வருகிறார் என்று தெரிந்த காலையில், அவள் மருந்து அலமாரியில் சாய்ந்துகொண்டு அழுதாள். முந்தின நாள் காலையிலிருந்து உட்காராதவள்.

பக்கத்துக் கட்டில் கிழவரின் மகள், காசிமேட்டு மீன்காரி, எழுந்து போனாள். "இன்னாத்துக்கு சிஸ்டரம்மா அய்வுறே? சலவைக் கட்டுல ஆயா கட்டுற வெள்ளப் பொடவ கீதே, எடுத்துக் குடு. நாங்க கட்டிக்கினு நிக்கிறோம். அந்தாளு இன்னா எங்க மூஞ்சியவா பாக்கப் போறாரு?"

யோசிக்கத் தெம்பு இருந்திருந்தால் நர்ஸ் வேண்டாமென்றிருப்பாள். துணி அலமாரிச் சாவியை நீட்டினாள். நாங்கள் நாலு பேர் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டோம். தரையைப் பளபளவென்று துடைத்து, போர்வைகளை இழுத்துச் செருகி, கட்டிலுக்கொருத்தியாக நின்றோம். என் வீட்டுக்காரரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெரியவர் என் எதிரில்தான் நின்றார். "ரொம்ப நாளா இங்கே வேலையா?"

"கொஞ்ச நாளா கீறேன் ஐயா."

"நல்லா வெச்சிருக்கீங்க" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இன்னும் ஆள் வேண்டுமென்று டாக்டர் கேட்டிருந்தாராம். அது தேவையா என்று பார்க்கத்தான் அந்தப் பெரியவர் வந்திருந்தார். பார்த்துவிட்டார். வார்டில் ஆயாக்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், புதிய ஆள் வேண்டாம் என்று முடிவானது. இவ்வளவு ஆயாக்கள் இருக்கும்போது சொந்தக்காரர்கள் எதற்கு? மாலை நாலு மணிக்கு மணி அடித்தால் உள்ளே போகலாம், ஆறு மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு நாங்கள் கேட்டுக்கு வெளியே பூவரச மரத்தடிக்கு வந்தோம். வாட்ச்மேனிடம் நான் போட்ட சண்டை அந்தத் தெருவுக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் அவருக்குத் தாகம். நர்ஸ் பெண்கள் வார்டில் ஒரு பிரசவத்துக்காரியோடு இருந்தாள். இவர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அப்புறம் மெல்ல இறங்கி, கட்டிலடியில் இருந்த பானையில் மாடு மாதிரி வாய் வைத்துக் குடிக்கக் குனிந்திருக்கிறார். நிலை தடுமாறி விழுந்ததில் வலது கை கட்டிலின் இரும்புக் காலில் மோதிக் கிழிந்தது. பானை கவிழ்ந்து கட்டெல்லாம் நனைந்தது. ஒரு வாரத்தில் சீழ் வைத்து, மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள்.

அதை விசாரிக்க அதே பெரியவர் வந்தார். நோயாளியின் பெண்டாட்டி என்று அன்று என்னை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். நர்ஸ் சுவரோரம் நின்றாள். நான் வாய் திறப்பதற்குள் பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ இந்த வார்டு ஆயாதானே? இந்த ஆள் விழும்போது எங்கே போயிருந்தே?"

விழுந்தவரின் பெண்டாட்டி நான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் வெள்ளைப் புடவைக் கதை வெளியே வரும். நர்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை. ஊரில் அவள் பணத்தை நம்பி ஒரு குடும்பம் இருந்தது.

"கேட்டாண்ட குந்திகினு இருந்தேன் ஐயா."

"வேலை நேரத்துலே கேட்டிலே உனக்கு என்ன வேலை?"

"உள்ள வுட மாட்டேன்னுட்டாங்க."

எதிர்த்துப் பேசுகிறேன் என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே என்னை ஆயா வேலையிலிருந்து நீக்கினார். கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

கூஜாவை எடுக்கப் போனேன். "உன்னைத்தான் போகச் சொன்னேனே" என்றார் பெரியவர். வெளியே வந்து பூவரச மரத்தடியில் நாலு மணிக்காகக் காத்திருந்தேன். என் இடத்துக்கு அவர்கள் வேறு ஆள் போடவில்லை.