ஜெயம்மாள் தீட்டிய காசுமாலை

திருத்தணியில் மலைப்படிக்கட்டுக்குப் போகும் வழியில் ஆதிகேசவன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். படம் பிடிப்பது அவர்; அதற்கு வண்ணம் பூசுவது அவர் மனைவி ஜெயம்மாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கன்னத்துக்குச் சிவப்பும் புடவைக்கு அரக்கும் ஏற்றிவிட்டு, கடைசியில்தான் தங்கத்தைத் தொடுவாள். அதற்கு மட்டும் கெட்டியான மஞ்சள். மயிரிழைத் தூரிகையால் அவள் தொட்டு வைத்தால் காதுத் தோடு மின்னும். அரக்கோணத்திலிருந்துகூட அந்த மினுக்கத்துக்காக ஆட்கள் வந்தார்கள்.

இல்லாத நகையைப் போட்டுத் தரச் சொல்வோரும் உண்டு. அப்படி வந்தவள்தான் கே.ஜி.கண்டிகை தாயாரம்மாள். மகள் கௌரியின் படத்தை நீட்டி, "கழுத்து வெறிச்சுனு கீது. ஒரு காசுமாலை எழுதிக் குடும்மா" என்றாள். ஜெயம்மாள் காசுமாலையோடு கைக்கு வங்கியும் எழுதினாள்.

அந்தப் படம் அம்மையார்குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நெசவுக்காரர் வீராசாமி தம் மகன் ராஜவேலுவுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். பெண் பிடித்தது, தட்டும் மாற்றியாயிற்று. அதன் பிறகுதான் அந்த நகைகள் எங்கே என்ற கேள்வி எழுந்தது.

ஆடிக் கிருத்திகையன்று மலைக்கு வந்த இரு குடும்பமும் ஸ்டுடியோ வாசலில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. வீராசாமி படத்தோடு உள்ளே நுழைந்தார். பின்னாலேயே தாயாரம்மாள் தலை குனிந்து வந்தாள். கௌரி கதவோரம் நின்றாள்.

"இன்னாம்மா இது? இந்தக் காசுமாலைய நம்பித்தானே தட்டு மாத்தினேன்? இப்ப இல்லன்னு சொல்லிகினு நிக்கிறாங்க!"

ஆதிகேசவன் திகைத்துப் போனார். ஜெயம்மாள் வண்ணப் பலகையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

"அந்த நகை அவங்களுது இல்லீங்க, என்னுது. நான் எழுதினது. வேணும்னா எங்கிட்ட கேளுங்க, இன்னும் ரெண்டு சரம் எழுதித் தர்றேன்."

வீராசாமிக்கு முகம் சிவந்தது. அவள் அவர் கையிலிருந்த படத்தை வாங்கி மேசைமேல் வைத்தாள். ஈரப் பஞ்சால் கழுத்தை ஒற்றினாள். மஞ்சள் பஞ்சோடு வந்துவிட்டது. வங்கியும் போயிற்று. படத்தில் வெறும் கழுத்தோடு கௌரி அப்படியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப பாருங்க. நான் துடைச்சதுல பொண்ணு எங்கனா கொறைஞ்சி போச்சா?"

ராஜவேலு முன்னால் வந்து படத்தை எடுத்துக்கொண்டான். "நைனா, இப்பத்தான் மூஞ்சி நல்லா தெரியுது. எனக்கு இது போதும்" என்றான்.

"அப்ப ஊர்ல கேக்கறவங்களுக்கு நான் இன்னாடா சொல்றது?"

"தறியில நான் ஒக்காந்தா போதும் நைனா, சம்பாரிச்சி நானே அவளுக்கு வாங்கிப் போடறேன்னு சொல்லு."

கதவோரம் நின்ற கௌரி அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். வீராசாமி முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். ஆனால் ஆவணியில் மலைமேல் நடந்த கல்யாணத்தில் அவர்தான் முதல் ஆளாக அட்சதை போட்டார்.

அதன்பின் இல்லாத நகையை ஜெயம்மாள் எழுதவில்லை. "இருக்கறத காட்டுங்க, ஜொலிக்க வைக்கிறேன்" என்பாள். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அதைவிட அதிகம் பேர், தங்கள் ஒற்றை மூக்குத்தியை அவள் கையால் மின்ன வைக்கவே வந்தார்கள்.

அந்த ஐப்பசியில் ஆதிகேசவன் கடைப் பலகையைப் புதிதாக எழுதினார். தம் பெயருக்குக் கீழே அதே அளவு எழுத்தில், "வண்ணம்: ஜெயம்மாள்". அவள் தெருவில் இறங்கி நின்று, வாய்விட்டு அதை இரண்டு தரம் படித்தாள். பள்ளிப்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் பலகையைக் காட்டி, "இங்க ஜெயம்மாள்னா யாருங்க?" என்றார்.

"ஆங், நான்தான். உள்ள வாங்க."