ஒரே தடவை நிரப்பினால் போதும்

அண்ணன் போய் ஏழு மாதம் ஆகிறது. நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

அவன் ரிமோட் கார் பந்தயத்தில் ஓட்டுவான். பேட்டரி கார் இல்லை. நைட்ரோ எரிபொருளில் ஓடும், நிஜ கார் மாதிரியே புகைவிட்டுக் கத்தும் டூரிங் கார். நீளம் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைதான் வரும். அவன் மேடைமேல் நின்று ஓட்டுவான். நான் கீழே நின்று, உள்ளே வரும் காரைப் பிடித்து எரிபொருள் நிரப்பி விடுவேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஆனால் எங்கள் காரின் என்ஜினில் எந்தத் திருகை எவ்வளவு திருப்பவேண்டும் என்று அண்ணனே என்னிடம்தான் கேட்பான்.

அவனுடைய கடைசிப் பந்தயத்தில் கார் சுவரில் மோதி அடித்தட்டு வளைந்துபோனது. அடுத்து எதை வாங்குவது என்று அவன் முடிவு செய்துவிட்டான். என்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் பெல்ட் போகும் கார், கடையில் இருப்பதிலேயே வேகமான என்ஜின். தி.நகரில் ஒரு மாடியில் கடை வைத்திருக்கும் பாய் அதை அவனுக்காக எடுத்து வைத்தார். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

போன மாதம் நான் கடைக்குப் போனேன். பாய் ஒன்றும் கேட்காமல் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“யாருக்கும் குடுக்கலம்மா. எடுத்துக்கினு போ. அவன் ஞாபகமா வீட்ல இருக்கட்டும்.”

“ஞாபகத்துக்கு இல்ல பாய். நான் ஓட்டப்போறேன்.”

அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்தார். பந்தயத்துக்கு வருகிறவர்தான், எனக்குத் தெரிந்த முகம்.

“இன்னா தங்கச்சி, ஃபியூல் ஊத்துற கைக்கு ரிமோட் கேக்குதா?”

“ஊத்துற கைக்குத்தாண்ணே தெரியும், எந்த என்ஜின் எவ்ளோ குடிக்கும்னு.”

வாயாடிவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அண்ணன் கேட்ட என்ஜின் நாலு நிமிடத்தில் டாங்கைக் காலி செய்துவிடும். இறுதிப் பந்தயம் பத்து நிமிடம். இரண்டு தடவை நிறுத்தி நிரப்பவேண்டும். அவனுக்கு நான் இருந்தேன், மூன்று எண்ணுவதற்குள் நிரப்பிவிடுவேன். எனக்கு யார் இருக்கிறார்கள்? பந்தயம் நடப்பது ஒரு கம்பெனியின் கார் பார்க்கிங்கில். தரையெல்லாம் மணல். பொடிக்கல் ஒன்று போய்ச் சிக்கினால் பெல்ட்டின் பல் போய்விடும்.

“பாய், பெல்ட் வேணாம். இரும்பு ஷாஃப்ட்ல ஓடுற கார் குடுங்க. என்ஜின் அந்தச் சின்னது. ஆறு நிமிஷம் தாங்கும்ல?”

“தாங்கும். ஆனா வேகம் கம்மிம்மா.”

“அப்போ அந்தப் பெட்டிய நான் எடுத்துக்கவா?” என்றார் சிரித்தவர்.

எடுத்துக்கோங்க என்று பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அண்ணன் ஆசைப்பட்டதை அவர் கொண்டுபோவதைப் படிக்கட்டில் நின்று பார்த்தேன். தப்பு செய்துவிட்டேனோ என்று தேனாம்பேட்டை வரும்வரை அழுகை.

நிரப்புவதற்கு அம்மா வருகிறேன் என்றாள். அம்மா அபிராமபுரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறாள். பாட்டிலில் தண்ணீர் பிடித்து வாசலில் பழக்கினேன். பாலாடையில் புகட்டுவதுபோல் சாய்த்துச் சாய்த்து ஊற்றினாள்.

“சீக்கிரம்மா!”

“இருடி. மூக்குல ஏறிக்கப் போவுது.”

பந்தய நாள். மேடையில் எட்டு ஆண்கள், நான் ஒருத்தி. முதல் சுற்றிலேயே கடைசிக்குப் போய்விட்டேன். வேகமான கார்கள் எரிபொருளுக்காக உள்ளே போகப் போக, என் கார் போகாமலே ஓடியது. ஐந்தாவது நிமிடம் பார்த்தால் இரண்டாவது இடம்! காரை அம்மாவிடம் விட்டேன். ஒரு சொட்டு சிந்தாமல் நிரப்பினாள். மூடியை மூடினாள். அப்புறம் காரை இறக்கி விடாமல் நிமிர்த்தித் தோளோடு சாய்த்து முதுகில் தட்ட ஆரம்பித்தாள். குழந்தைக்கு ஏப்பம் விட வைக்கிறாள்!

“அம்மா, கீழ வுடும்மா!”

மொத்தப் பார்க்கிங்கும் சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணன் போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அந்தத் தட்டலில் ஒருவர் முந்திவிட்டார்.

மூன்றாவதாக முடித்தேன். ஜெயித்தது கடையில் பார்த்தவர்தான், அண்ணன் கேட்ட அதே என்ஜினில். அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று பெருமையாக இருந்தது. ஆனால் அதை நான் எடுத்திருந்தால், அம்மா இரண்டு தடவை நிரப்பித் தட்டி முடிப்பதற்குள் பந்தயமே முடிந்திருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். என் காரின் டாங்கைத் திறந்து பார்த்தேன். இன்னும் ஒரு நிமிடம் ஓடுமளவுக்கு மீதி இருந்தது.

ஜெயித்தவர் எங்களிடம் வந்தார். “சூப்பர் தங்கச்சி. இன்னாம்மா, அடுத்த தபா நம்ம வண்டிக்கும் ஊத்துறீங்களா?”

அம்மா, தோளில் சாய்த்த கார் புடவையில் ஒட்டிவிட்டிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“எம்பொண்ணு வண்டிய மட்டுந்தான் நான் தூக்குவேன். நீ ஒங்கம்மாவ இட்டுகினு வா நைனா.”