வெர்டன்ரீட் நிலவறையில் ஆறு காலி இடங்கள்

எக்பெர்ட் பிரபு 1912 நவம்பர் 9 அன்று, சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குப் பிறந்தார். 1944இல் தந்தை இறந்ததும் வெர்டன்ரீட் குடும்பத்தின் தலைவரானார். நாற்பத்தொன்பது ஆண்டுகள் தலைவராக இருந்தார். அதில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் அந்தக் குடும்பத்தின் ஆவணக் காப்பாளனாக நான் அவரிடம் வேலை பார்த்தேன்.

அவர் ஆடம்பரக்காரர் அல்ல. முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட ஒரே பச்சை மேலங்கியை இருபது குளிர்காலம் அணிந்தார். கோட்டையில் இரண்டு அறைகளில்தான் கணப்பு எரியும். மற்ற அறைகளில் மூச்சு புகையும். தன் காட்டில் எந்த மரத்தை எந்த ஆண்டு வெட்ட வேண்டும் என்பதைத் தாளைப் பார்க்காமல் சொல்வார். இதையெல்லாம் மெச்சி அவர் இறந்தபோது பத்திரிகைகள் எழுதின. பத்திரிகைகள் எழுதாததை நான் எழுதுகிறேன்.

அவருடைய தம்பி வோல்ஃப்ராம் 1951இல் கெர்லிண்டே என்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியையை மணந்தார். குடும்பச் சட்டப்படி, பிரபுக் குலத்தில் பிறக்காத மனைவி குடும்பத்தில் சேரமாட்டாள். அவள் பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லை. இறந்தால், தேவாலயத்துக்குக் கீழே உள்ள குடும்ப நிலவறையில் அவளுக்கு இடமும் இல்லை. 1965 மே மாதம் கெர்லிண்டே இறந்தாள். அவளை நிலவறையில் வைக்க அனுமதிக்கும்படி வோல்ஃப்ராம் அண்ணனுக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில், ஒன்பது வரி. தட்டச்சு செய்தது நான். அவளைக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில், மதிலோர வரிசையில் புதைத்தார்கள். அந்த வரிசைக் குழிகளுக்கு இருபத்தைந்து ஆண்டுதான் தவணை. நீட்டிக்க முடியாது. தவணை முடிந்தால் கல்லைப் பிடுங்கி மண்ணைச் சமன் செய்துவிடுவார்கள்.

1971இல் வோல்ஃப்ராமும் இறந்தார். தன்னைக் கிராமத்துத் தோட்டத்திலேயே, மனைவிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று கைப்பட எழுதி வைத்திருந்தார். அந்தத் தாள் கோப்பு எண் 318இல் இன்றும் இருக்கிறது. பிரபு அதைப் படித்தார், மடித்தார், என்னிடம் கொடுத்தார். "இந்த வீட்டுல பொறந்தவன் இந்த வீட்டுலதான் படுப்பான்" என்றார். வேட்டைக் கொம்புகள் முழங்க உடலை நிலவறைக்குள் இறக்கினார்கள். பதினெட்டு வயது மகன் டீட்மார் படிக்கட்டுக் கதவுக்கு வெளியே நின்றான். ஆசிரியை பெற்ற பிள்ளைக்கு உள்ளே அனுமதி இல்லை.

டீட்மார் பால் லாரி ஓட்டப் போனார். பத்தொன்பது ஆண்டுகள் பெரியப்பாவின் வாசலை மிதிக்கவில்லை.

1990 ஏப்ரலில் பிரபுவே அவருக்கு ஆள் அனுப்பினார். பிரபுவுக்கு இரண்டும் மகள்கள். சட்டப்படி ஆண்தான் வாரிசு. டீட்மாரை விட்டால் ஹாம்பர்க்கில் ஒரு தூரத்து உறவினர். காட்டை விற்கத் தரகரோடு ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர். ஆகவே தலைவர் கையெழுத்திட்டு டீட்மாரைக் குலத்தில் ஏற்கும் பத்திரத்தை நான் தயாரித்தேன்.

டீட்மார் லாரியை முற்றத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"அந்த வண்டியைக் கொட்டகைப் பக்கம் விட்டிருக்கலாமே" என்றார் பிரபு.

"பாலு கெட்டுடும் பெரியப்பா. சீக்கிரம் சொல்லுங்க."

பிரபு பத்திரத்தை அவர் பக்கம் தள்ளினார். டீட்மார் நின்றபடியே முழுவதும் படித்தார்.

"அப்போ சட்டத்தை வளைக்கலாம்?"

"தலைவன் நினைச்சா விலக்கு கொடுக்கலாம்."

"நல்லது. அம்மா கல்லுல பஞ்சாயத்துக்காரன் மஞ்சச் சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்கான். அடுத்த மாசம் தவணை முடியுது. அம்மாவை அப்பா பக்கத்துல வைங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன். காடு, கோட்டை, உங்க ஓட்டைக் கூரை, எல்லாத்தையும் சாகுற வரைக்கும் பாத்துக்கறேன்."

"அது வேற விஷயம்."

"எப்படி வேற? அவ வயித்துல பொறந்த நான் வேணும், அவ வேணாமா?"

"நிலவறைக்கு விலக்கு கிடையாதுடா! நானூறு வருஷமா ஒருத்திக்கும் கொடுத்ததில்லை!"

"நீங்க கொடுங்களேன். யார் உங்களைக் கேக்கப் போறா? கீழ படுத்திருக்கிறவங்களா எந்திரிச்சு வந்து சண்டை போடுவாங்க?"

பிரபுவின் கழுத்து சிவந்தது. மேசையில் ஓங்கி அடித்தார், மைப்புட்டி கவிழ்ந்தது. "உங்கப்பன் மாதிரியே பேசுற. பிச்சைக்கு வந்தவன் நிபந்தனை போடுறான்!"

"ஆள் அனுப்பினது நீங்க. நான் பால் எடுக்கப் போயிட்டிருந்தேன்."

பிறகு டீட்மார் சொன்னார்: "சரி, அவளை உள்ள விட மாட்டீங்க. அப்பாவை வெளிய விடுங்க. கிராமத்துல இருவர் குழி ஒண்ணு வாங்கிட்டேன். தலைவர் கையெழுத்து இல்லாம நிலவறையைத் திறக்க மாட்டேன்னு பாதிரியார் சொல்றார்."

"அப்பாவைக் கொடுத்தா பத்திரத்துல கையெழுத்துப் போடுவியா?"

"மாட்டேன்."

அந்த நேரத்தில் பிரபுவுக்கு முன் இருந்தது ஒரே ஒரு கணக்குதான். ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் எலும்புகளை இரண்டு முழ இடத்தில் ஏற்றுக்கொண்டால், தான் வாழ்நாளெல்லாம் காத்த காடு பிழைக்கும். அவர் பேனாவை எடுத்தார். என்னிடம் வெற்றுத்தாள் கேட்டார். தம்பியின் உடலை அகற்ற அனுமதி என்று எழுதிக் கையெழுத்திட்டு, தாளை டீட்மாரின் முகத்துக்கு நேரே வீசினார். "எடுத்துட்டுப் போ. ரெண்டு பேரும் சேர்ந்து மண்ணாப் போங்க."

"அதைத்தான் பெரியப்பா இருபத்தஞ்சு வருஷமா கேக்குறோம்" என்றார் டீட்மார்.

மே 18ஆம் தேதி பெட்டியை மேலே கொண்டுவந்தார்கள். கொம்பு முழங்கவில்லை. பால் லாரி ஓட்டுநர்கள் நான்கு பேர் தூக்கிப்போய், மதிலோரத்திலிருந்து எடுத்த கெர்லிண்டேயோடு புதுக் குழியில் வைத்தார்கள். பிரபு வரவில்லை. ஜூலையில் ஒருநாள் மட்டும் என்னை அழைத்துக்கொண்டு கிராமத்துத் தோட்டத்துக்குப் போனார். டீட்மார் அங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். புதுக் கல்லில் இரண்டு பெயர்கள் மட்டும் இருந்தன: வோல்ஃப்ராம், கெர்லிண்டே.

"குலப்பேர் எங்கடா? பட்டம் எங்க?" பிரபு கைத்தடியால் கல்லைத் தட்டினார்.

"அம்மாவுக்குக் கொடுக்காததை அப்பாவுக்கு மட்டும் எதுக்குன்னு விட்டுட்டேன். உங்க கல்லுல ரெண்டு தரம் வெட்டிக்குங்க."

எக்பெர்ட் பிரபு 1993 மார்ச் 2 அன்று இறந்தார். நிலவறையில் அவருக்குப் பிறகு ஆறு இடம் காலி. ஹாம்பர்க் உறவினர் பதினான்கே மாதத்தில் காட்டை விற்றார். நிலவறைச் சாவியை நான் இரண்டு முறை அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு முறையும் அவர் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்.