தண்ணீர் குடிக்காத காலைகள்

மதியம் பன்னிரண்டு மணி ஆனால், எங்கள் கட்டடக்கலைக் கல்லூரியின் நீண்ட தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் "மால்ட்சைட்" என்கிறார்கள். சாப்பாட்டு நேரம் என்று பொருள். ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம், மரப்பட்டறையைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் என்னிடம் அதைச் சொன்னார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார் என நினைத்து, "இன்னும் இல்லை, ஒரு மணி ஆகும். நீங்கள்?" என்று நின்று பதில் சொன்னேன். அவர் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடையைக் கட்டினார். நம் பக்கம் அப்படிக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். என்ன குழம்பு என்பதுவரை பேச்சு போகும். இங்கே அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும். இது புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

முதுகலையின் கடைசிப் பருவத்தில் எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு மேசை. அதன்மேல் கத்தி, பசை, சாம்பல் நிற அட்டை, நேற்று ஒட்டி இன்று பிய்த்த கூரை. செவ்வாய்க்கிழமைகளில் பேராசிரியர் மேசை மேசையாக வந்து திருத்துவார். அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து போய்க் கழுவிய கோப்பையையே கழுவுவேன். நான்கு மாடி இறங்கி, காரணமில்லாமல் மறுபடி ஏறுவேன். பக்கத்து மேசை யானா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு அசையாமல் கோடு போட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய அப்பாவும் கட்டடக் கலைஞர். பேராசிரியர் என்ன கேட்டாலும் சிறு வயதிலேயே சாப்பாட்டு மேசையில் கேட்டுப் பழகியவள்போல் பதில் சொல்வாள்.

என் பதற்றத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. முதல் வகுப்பில் எல்லாரும் குடும்பத்தைப் பற்றி இரண்டு வரி சொன்னபோது, "என் அம்மா மசாலாத் தொழிலில் இருக்கிறார்" என்று சொல்லியிருந்தேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. அம்மா தோட்டத்து முதலாளி என்று யானா புரிந்துகொண்டாள். ஒரு விடுமுறைக்கு உங்கள் தோட்டத்துக்கு வரலாமா என்று கேட்டாள். வரலாமே என்றேன்.

என் அம்மா ஏலக்காய் எடுக்கப் போகிறவள். பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடியும் முன் முக்கு ரோட்டில் பத்திருபது பெண்கள் நிற்பார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. ஜீப் வந்ததும் ஏறி, கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போவார்கள். சாயங்காலம் இறக்கி விடுவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முதலில் செய்வது, குடத்திலிருந்து செம்பு நிறைய மொண்டு, நின்றபடியே மூச்சு விடாமல் குடிப்பது. பிறகு இன்னொரு செம்பு. வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தேன். அந்த ஜீப்பில் போய்த்தான் அவள் என்னை மதுரையில் படிக்க வைத்தாள். இங்கே வர எனக்கு உதவித்தொகை கிடைத்தபோது, ஜெர்மனி எந்த மெட்டுக்கு அங்கிட்டு என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

இறுதித் திட்டத்துக்கு, அந்தப் பெண்களுக்காக முக்கு ரோட்டில் ஒரு காத்திருப்புக் கூடம் வரைந்தேன். மலைமுகடுபோல் வளையும் கூரை. காற்று வரத் துளை வைத்த செங்கல் சுவர். நடுவில் தரையைத் தாழ்த்தி, வட்டமாக உட்காரும் இடம். பேராசிரியர் அதன் அட்டை மாதிரியை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்து, "ஷ்பானெண்ட்" என்றார். அகராதியில் 'விறுவிறுப்பானது' என்று போட்டிருந்தது. மகிழ்ச்சியாக நன்றி சொன்னேன். அவர் போன பிறகு யானா காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "அதற்கு நன்றி சொல்லாதே. இன்னும் பிடிபடவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது" என்றாள்.

அடுத்த செவ்வாயன்று பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தப் பெண்களை உனக்கு எப்படித் தெரியும்?"

மேசையில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினேன். யானா திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அன்று அது இல்லை.

"அவர்களில் ஒருவர் என் அம்மா."

அவர் முகத்தில் வியப்போ இரக்கமோ வரும் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. "அப்படியானால் ஏன் அவரைக் கேட்கவில்லை?" என்றார். எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

யானாதான் முகம் சிவந்து நின்றாள். "தோட்டத்துக்கு வரலாமா என்று வேறு கேட்டேனே" என்றாள்.

"நான்தான் அப்படி நினைக்க விட்டேன்."

மறுநாள் மதியம், அங்கே அம்மா வேலையிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து அழைத்தேன். படங்களை முன்பே அனுப்பியிருந்தேன்.

"நல்லா அழகாத்தான் இருக்கு. உங்க டீச்சரு என்ன சொன்னாக?" என்றாள்.

"உங்க அம்மாவக் கேட்டியான்னு கேட்டாக."

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்திருப்பாள். பிறகு, "இப்பிடிக் குழிக்குள்ள எறங்கி உக்காந்துட்டா ஜீப்பு வர்றது எப்பிடித்தான் தெரியும்? மொத ஏறுனவுகளுக்குத்தான் நல்ல எடம். நாங்க யாரும் அங்கன உக்கார மாட்டோம்" என்றாள்.

"அப்ப உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

"எனக்கென்ன தெரியும். நீ படிச்சவ."

"சும்மா சொல்லும்மா."

"கக்கூஸுதான் வேணும். உள்ள தாப்பா போடுற மாதிரி. கொஞ்சம் வெளிச்சமா."

வீட்டிலிருந்துதானே வருகிறீர்கள் என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"வீட்டுல போயிட்டுத்தான் வாரோம். ஜீப்புக்கு நிக்கணும், அப்பறம் மல ஏறணும். தோட்டத்துல ஆம்பளைக நடமாட்டம். அதான் காலையில யாரும் தண்ணி குடிக்க மாட்டோம். வீட்டுக்கு வந்துதான் குடிக்கிறது. நீதான் பாத்திருக்கியே."

பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடையோடு வாசலில் உட்கார்ந்து, வருடக்கணக்காக, அந்த இரண்டு செம்பையும் பார்த்திருக்கிறேன். போனை வைத்த பிறகு கல்லூரியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். உள்ளே போகவும் பிடிக்கவில்லை, அறைக்குத் திரும்பவும் பிடிக்கவில்லை.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. கூரையைப் பிய்த்துப் போட்டேன். ரோட்டைப் பார்த்தபடி ஒரு நீளச் சுவர். அதன் பின்னால் உள்ளே தாழ்ப்பாள் வைத்த ஐந்து அறைகள். முன்னால் குழாய், நின்றபடியே சாய்ந்துகொள்ள இடுப்புயரத் திண்டு. ஜீப் வரும் திசையில் எந்த மறைப்பும் கிடையாது. புதுப் படத்தை அம்மா முக்கு ரோட்டில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள். "பேச்சியம்மா கேக்குறா, தூக்குவாளிய எங்கன மாட்டுறதுன்னு. கீழ வச்சிட்டு உள்ள போனா நாய் இழுத்துட்டுப் போயிருமாம்" என்றாள். ஒவ்வொரு கதவுக்கும் உட்புறம் ஒரு கொக்கி வரைந்தேன். என் படிப்பில் நான் வரைந்தவற்றிலேயே எனக்குச் சந்தேகமே வராத கோடு அதுதான்.

தேர்வு நாளில் வெளியிலிருந்து வந்திருந்த நடுவர் ஒருவர், "இதில் கட்டடக்கலை அதிகம் இல்லையே" என்றார். பேராசிரியர் அவரை மறுக்கவில்லை. என்னிடம் கொக்கி எந்த உயரத்தில் என்று மட்டும் கேட்டார். பேச்சியம்மாவின் தோள் உயரம் என்றேன். குறித்துக்கொண்டார். நடுத்தரமான மதிப்பெண் வந்தது, தேறிவிட்டேன். படங்களை ஊர்ப் பஞ்சாயத்துக்கு அனுப்பினேன். அம்மா நேரில் போய்க் கேட்டதற்கு, பாக்கலாம் என்று சொன்னார்களாம். இங்கே ஓர் அலுவலகம் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. அவர்களுக்கு நானும் இன்னும் பதில் எழுதவில்லை.

கல்லூரிக் கண்காட்சிக்காக மாதிரியில் மனிதர்களை நிறுத்த வேண்டியிருந்தது. பட்டறை இழுப்பறையில் இருந்த அட்டை மனிதர்கள் எல்லாரும் நீளக் கோட்டு போட்டு நாயோடு நடப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள். நானும் யானாவும் உட்கார்ந்து சட்டை போட்ட பெண்களை அட்டையில் வெட்டினோம். சேலை மடிப்பு எப்படி விழும் என்று அவள் கேட்டுக் கேட்டு வெட்டினாள். நிறுத்தி முடித்துப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். இது நான், இது பேச்சியம்மா, இவ நிக்கிறதப் பாத்தாலே தெரியுது என்று ஒவ்வொன்றாகப் பேர் வைத்தாள். பிறகு, "நீ எங்கன நிக்கிற?" என்றாள்.

"நான்தானம்மா போட்டோ எடுக்குறேன்."

"எடுத்துட்டு நீயும் வந்து நில்லு."

மறுநாள் காலை அட்டையில் என்னையும் வெட்டினேன். குளிர்காலக் கோட்டு, தோளில் பை. பெண்கள் வரிசையில் நிறுத்தினால் மேற்பார்வைக்கு வந்த அதிகாரிபோல் இருந்தது. ரோட்டுக்கு எதிர்ப்புறம் நிறுத்தினால் மலை பார்க்க வந்தவள்போல் இருந்தது. மாதிரியை எடுத்துப்போக ஆட்கள் வந்துவிட்டார்கள். கையிலிருந்ததைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். நேற்று டிராமுக்கு நிற்கையில் விரலில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். பைக்குள் கிடந்து ஒரு கால் மடங்கியிருந்தது. நீவி நிமிர்த்தி, நிறுத்தத்து இருக்கையின் விளிம்பில் நிற்க வைத்தேன். டிராம் வரும் காற்றுக்கு அது ஆட ஆரம்பித்தது.