கோமதி அக்காவின் உறைமோர்

சைக்கிளை விட்டு இறங்கியதும் எல்லாரும் தண்ணீரைத் தேடுவார்கள். நெல்லையப்பன் அண்ணாச்சி மட்டும் ஹேண்டில்பாரில் தொங்கும் பைக்குள் கையை விடுவார். உள்ளே ஈரத்துண்டு சுற்றிய எவர்சில்வர் தூக்கு. மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். "கெட்டுப் போகல வே, தப்பிச்சோம்" என்று என்னிடம் சொன்ன பிறகுதான் தொண்டையை நனைப்பார்.

டொராண்டோவிலிருந்து வந்து நெவாடா பாலைவனத்தைச் சைக்கிளில் கடந்த ஒன்பது பேரில் நாங்கள் இருவர்தான் தமிழர்கள்; அதிலும் இருவருக்கும் திருநெல்வேலி. அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. ரெக்ஸ்டேலில் பன்னிரண்டாவது மாடியில் வீடு, பாலங்களுக்கு வரைபடம் போடும் வேலை. மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏறுட்டீ மூதேவி!" என்று சைக்கிளைத் திட்டுவார். இறக்கத்தில் அதுவே "எங்க ராசாத்தி" ஆகிவிடும்.

தூக்கில் இருப்பது தயிர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அண்ணாச்சியின் மனைவி கோமதி அக்கா கனடாவுக்கு வந்தபோது ஹார்லிக்ஸ் பாட்டிலில் உறைமோரும் கூடவே விமானம் ஏறியது. கடைத் தயிரை அக்கா தயிரென்றே ஒத்துக்கொண்டதில்லை. இன்றைய தயிரில் இரண்டு கரண்டி நாளைக்கு உறை, நாளையதில் இரண்டு கரண்டி மறுநாளைக்கு. எட்டு வருடம் இப்படியே ஓடியது. போன பங்குனியில் அக்கா போய்விட்டார். பிள்ளைகள் இல்லை.

"அவ கை பட்டதுல உசுரோட இருக்கது இது ஒண்ணுதான் வே. வீட்ல விட்டுட்டு வந்தா யாரு உறை குத்துவா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆறாம் நாள் ஓய்வு. மரமும் இல்லை, குழாயும் இல்லை. நாலு மேசை, ஒரு தகரக் கூரை, அதுதான் முகாம். முந்தின நாளே பால் பவுடர் தீர்ந்துவிட்டதால், அண்ணாச்சி விடிந்ததும் பதினெட்டு மைல் தள்ளியிருந்த கடைக்குச் சைக்கிளை எடுத்தார். ஓய்வு நாளில் போக வர முப்பத்தாறு மைலா! மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

வெயில் ஏற ஏற எனக்கு நாக்கு வறண்டது. தூக்கின் அடியில் கொஞ்சம் தயிர் கிடந்தது. உறைக்கு வேறு எடுத்து வைத்திருப்பார், இது மிச்சம் என்று நினைத்துவிட்டேன். படுபாவி, உப்புப் போட்டுக் கலக்கிக் குடித்தேன். அதோடு விட்டேனா? அடுத்தவர் பாத்திரத்தை எச்சிலாக வைக்கலாகாது என்று உம்மா சொல்லி வளர்த்த பிள்ளையாயிற்றே! எனக்கு அளந்து தந்த தண்ணீரிலேயே பளபளவென்று கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன்.

மத்தியானம் வந்தார். டப்பாவைத் தூக்கிக் காட்டி, "கெடச்சிட்டு வே மைதீன்!" என்றார். அப்புறம்தான் கவிழ்ந்திருந்த தூக்கைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க உறைக்குத் தனியா எடுத்து வச்சிருப்பீங்கன்னு..."

எடுத்து வைக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. திட்டுவார் என்று நின்றேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"களுவுன தண்ணிய எங்க வே ஊத்துனீரு?"

மேசைக்குப் பின்னால், ஒரு முட்செடியின் அடியைக் காட்டினேன். மண் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அண்ணாச்சி குத்தவைத்து உட்கார்ந்து அந்த இடத்தில் உள்ளங்கையை ஊன்றினார். கால் வைக்க முடியாத சூடு. கையை அவர் எடுக்கவில்லை.